அமெரிக்காவில் ஆசியர்கள் மீதான இனவெறியைக் கலையால் எதிர்க்க முடியுமா? ஒன்றுகூடுவதால் உண்மையில் ஏதாவது மாறுமா?

முடியும் என்று நம்புகிறேன். ஆனால் நான் இந்த நம்பிக்கைக்கு வந்தது மெதுவாகத்தான். அதற்கு முன் வெட்கப்படும்படி ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் முதல் வாரம். ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகும் ரயில். ஊரடங்கு இன்னும் வரவில்லை. எனக்கு எதிரே ஒரு சீனப் பாட்டி, முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சிவப்பு பிளாஸ்டிக் பை, அதிலிருந்து கீரைத்தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் ஏறினான். அவரைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டான். நோயைக் கொண்டுவந்ததே நீங்கள்தான், உன் ஊருக்குப் போ என்று. பெட்டியில் முப்பது பேராவது இருந்திருப்போம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பாட்டி பையை மார்போடு அணைத்தபடி அடுத்த நிலையத்திலேயே இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "அந்த இடத்துல அத்தை இருந்திருந்தா?"

அத்தை என்றால் என் அம்மா. கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர், விமானங்கள் நின்றதால் இங்கேயே மாட்டிக்கொண்டார். நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமப் பொட்டு. இதே ஜெர்சி சிட்டியில் 1987ல் 'டாட்பஸ்டர்ஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல், இந்தியர்களை ஊரைவிட்டு விரட்டுவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. அந்த 'டாட்' நம் பெண்கள் வைக்கும் பொட்டுதான். அந்த வருடமே பக்கத்து ஊர் ஹோபோக்கனில் ஓர் இந்திய இளைஞரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. ஆக, அந்தப் பாட்டியின் இருக்கையில் என் அம்மாவை உட்கார வைத்துப் பார்க்கப் பெரிய கற்பனை எதுவும் தேவைப்படவில்லை.

நம்மவர்களிடம் 'ஆசியர்' என்றால் சீனர், கொரியர் என்ற நினைப்புதான் அதிகம். அந்தப் பிரச்சினை அவர்களுடையது என்று ஒதுங்கிவிடுகிறோம். அதே நாட்களில் இந்திய நகரங்களில் மணிப்பூர், நாகாலாந்து பிள்ளைகளைத் தெருவில் 'கொரோனா' என்று கூப்பிட்டார்கள். அதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, கலைக்கு வருகிறேன். எனக்குக் கண்ணைத் திறந்தவர் கார்க்கி லீ என்ற புகைப்படக்காரர். நியூயார்க்கின் குயின்ஸில் சலவைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தில் 1947ல் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது பாடப்புத்தகத்தில் ஒரு படம் பார்க்கிறார். 1869 மே 10, யூட்டாவில் உள்ள பிராமண்டரி என்ற இடம். அமெரிக்காவின் இரு பக்கத்தையும் இணைக்கும் ரயில்பாதை வேலை முடிந்த நாள். இரண்டு எஞ்சின்கள் நேருக்கு நேர் நிற்க, கூட்டமாக ஆட்கள், கையில் மதுபாட்டில்கள், கைகுலுக்கல். மேற்கிலிருந்து சியரா நெவாடா மலையைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள், பத்தாயிரத்துக்கும் மேல். பனிச்சரிவிலும் வெடிமருந்திலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படத்தில் ஒரு சீன முகத்தைத் தேடினார் லீ. கண்ணில் படவேயில்லை.

பதின்மூன்று வருடம் கழித்து, 1882ல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் வந்தது. 1943 வரை அது நீடித்தது. படத்தில் இல்லாதவர்களை நாட்டிலிருந்தும் இல்லாமல் ஆக்குவது சுலபம் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

கார்க்கி லீ அதை மறக்கவில்லை. 2014 மே 10 அன்று, அந்தத் தொழிலாளர்களின் சந்ததியினரையும் மற்ற ஆசிய அமெரிக்கர்களையும் அதே இடத்துக்கு வரவழைத்தார். அதே போல இரண்டு எஞ்சின்கள், முன்னால் கூட்டம். இம்முறை எல்லாம் ஆசிய முகங்கள், குழந்தைகள், தாத்தாக்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் முதல்முறை பார்த்தபோது பேச்சு வரவில்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் தலைப்பாகை கட்டியவர்களை எல்லாம் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், சென்ட்ரல் பார்க்கில் நடந்த மெழுகுவத்தி அஞ்சலியில் அமெரிக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு சீக்கியரையும் அவர் படம் எடுத்திருக்கிறார். அவருக்கு ஆசியர் என்றால் நாமும் சேர்த்திதான். 2021 ஜனவரியில் கொரோனாவில் இறந்துபோனார்.

கூடி நிற்பதற்கு வேறொரு கதை. 1982ல் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞரைத் திருமணத்துக்குச் சில நாட்கள் முன்பு இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நான்கு நாள் கழித்து இறந்தார். ஜப்பான் கார்களால் அமெரிக்கக் கார் ஆலைகளில் வேலை போய்க்கொண்டிருந்த நேரம். அடித்தவர்களில் ஒருவர் கார் ஆலையில் மேற்பார்வையாளர், இன்னொருவர் வேலை இழந்தவர். சின் ஜப்பானியரே இல்லை. நீதிமன்றம் கொடுத்த தண்டனை, ஆளுக்கு மூவாயிரம் டாலர் அபராதமும் மூன்று வருட நன்னடத்தைக் காவலும். சிறை இல்லை. டெட்ராய்டில் அதுவரை தனித்தனியாக இருந்த சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோக்கள் ஒரே அமைப்பாகச் சேர்ந்தது அப்போதுதான். கறுப்பினத் தலைவர்களும் வந்து நின்றார்கள். கொன்றவர்கள் கடைசிவரை சிறைக்குப் போகவில்லை, அது உண்மை. ஆனால் 'ஆசிய அமெரிக்கர்' என்று ஒரு கூட்டுக் குரல் நாடு முழுக்கக் பலமாகக் கேட்க ஆரம்பித்தது மகனைப் பறிகொடுத்த சின்னின் தாயின் அழுகையிலிருந்துதான்.

2020 நவம்பரில் புரூக்ளினின் அட்லாண்டிக் டெர்மினல் ரயில் நிலையத்தில் சுவர் முழுக்க ஒரு ஓவியத் தொடரைப் பார்த்தேன். அமாண்டா பிங்போதிபக்கியா வரைந்தது. தாய்லாந்து, இந்தோனேசியப் பெற்றோருக்குப் பிறந்தவர், முன்பு நரம்பியல் ஆராய்ச்சியில் இருந்தவர். நகரத்தின் மனித உரிமை ஆணையத்தோடு சேர்ந்து செய்த வேலை. பளிச்சென்ற நிறங்களில் பெரிய பெரிய ஆசிய முகங்கள், சுற்றிலும் பூக்கள். ஒன்றில், உன் பழியைச் சுமக்க நான் ஆள் இல்லை என்ற பொருளில் ஒரு வாசகம். எந்த முகமும் கெஞ்சவில்லை, பயப்படவில்லை, நேராக நம்மைப் பார்க்கிறது. அன்று ரயிலில் குனிந்த அதே தலையோடு நான் அதன் முன்னால் நின்றேன். அடுத்த மார்ச்சில் அட்லாண்டாவில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். அந்தச் சுவர் குண்டைத் தடுக்கவில்லை. ஓவியத்திடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் அதன் பின் நடந்த கூட்டங்களில் பலர் கையில் தூக்கிப் பிடித்தது அவருடைய ஓவியங்களைத்தான்.

அப்புறம், நாங்கள் வீட்டிலேயே செய்தது. யின் சாங், மூன்லின் சாய் என்ற இரண்டு பெண்கள் 2020ல் நியூயார்க்கில் 'ஹார்ட் ஆஃப் டின்னர்' என்ற பெயரில் ஓர் உதவியை ஆரம்பித்தார்கள். வெளியே வரப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆசிய முதியவர்களுக்கு வாரம் ஒருமுறை அவர்கள் ஊர்ச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தச் சாப்பாடு போகும் பழுப்புக் காகிதப் பை ஒவ்வொன்றிலும் யாராவது கையால் படம் வரைந்து, அவர்கள் மொழியிலேயே நாலு வார்த்தை எழுதியிருப்பார்கள். பைகளை வரைந்து அனுப்ப அப்போது யார் வேண்டுமானாலும் சேர முடிந்தது.

ஒன்பது வயது மகள் சாப்பாட்டு மேஜையில் பைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். சீன எழுத்தை மாதிரியைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று ஒவ்வொன்றாக வரைந்தாள். 'நாங்கள் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்' என்று எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. படம் என்ன வரைவது என்று யோசித்தபோது அம்மா பேனாவை வாங்கி ஏழு புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டார். வெள்ளைப் பேனா, பழுப்புக் காகிதம். சாணம் தெளித்த வாசல்போலவே இருந்தது. அதற்கப்புறம் கோடு எங்கே வளைய வேண்டும் என்று பாட்டியும் பேத்தியும் சண்டை போட்டுக்கொண்டே போட்டார்கள்.

பயத்தில் மூன்று மாதமாக வாசலைத் தாண்டாத அம்மா, பைகளைத் தபாலில் சேர்க்க என்னோடு நடந்து வந்தார், பொட்டோடுதான். ஊருக்குத் திரும்பும் முன் கடைசிப் பையில், பேத்தி எழுதிய சீன எழுத்துக்குக் கீழே, தன் கோணல் கையெழுத்தில் தமிழிலேயே எழுதினார்: "வயிறார சாப்பிடுங்க."