ராம் மீன் முட்டை வெளுக்கிறது, என்ன மருந்து போடலாம்?

கேள்வி: வள்ளியூருக்குக் கிழக்கே முருங்கையும் தென்னையும் வைத்திருக்கிறேன். மகளின் ஆசைக்காக வீட்டில் 2 அடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்து, நான்கு ஜெர்மன் புளூ ராம் மீன்கள் வாங்கி விட்டேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு இறந்துவிட்டன. மீதி இரண்டும் ஜோடி சேர்ந்து, தட்டைக்கல் மேல் மூன்று முறை முட்டையிட்டன. ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாளே முட்டைகள் வெள்ளையாகிவிடுகின்றன. மிச்சத்தைத் தாயும் தகப்பனுமே தின்றுவிடுகின்றன. ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நீரில் கரைந்திருக்கும் தாதுக்களின் அளவான டிடிஎஸ் 860, அமில-கார அளவான பிஎச் 8.2. கடைக்காரர் கொடுத்த பிஎச் குறைக்கும் திரவத்தையும் ஆன்டிபயாடிக் பொடியையும் போட்டுப் பார்த்தேன். இப்போது பெட்டை மீன் வேகமாகச் செவுள் அடிக்கிறது. வேறு என்ன மருந்து போட வேண்டும்? தொட்டியின் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: எந்த மருந்தும் போட வேண்டாம். போட்டுக்கொண்டிருக்கும் இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பெட்டை மீன் செவுள் அடிப்பதற்கு அந்தப் பொடியே காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தொட்டியைக் காப்பாற்றுவன வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை. இவற்றையும் சேர்த்தே அழித்துவிடக்கூடும். உங்கள் தண்ணீரைப் போலக் காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் கொடுமையும் அதிகம். பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறும்போது அதன் நச்சு வடிவம் ஏறத்தாழ 10 மடங்கு ஆகிறது. எனவே ஐந்து நாட்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்து, காற்றுக் குமிழியைக் கூட்டி, நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சைக் குழாயடியில் கசக்கிக் கழுவாதீர்கள்.

இனி முட்டைக்கு வருகிறேன். இரண்டு பெட்டைகள்கூட ஜோடி சேர்ந்து கருவற்ற முட்டைகளை இடுவதுண்டு என்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றின் விலாவிலுள்ள கரும்புள்ளிக்குள் நீல மினுக்கும் வயிற்றில் இளஞ்சிவப்பும் தெரிகின்றன. மற்றதன் முதுகுத் துடுப்பின் முன்முட்கள் நீண்டிருக்கின்றன. ஆகவே முன்னது பெண், பின்னது ஆண். வெளுத்துச் செத்த முட்டைகளைப் பெற்றோர் தின்பது துப்புரவுப் பணி. அதைக் குற்றம் சொல்ல முடியாது. இளஞ்ஜோடிகள் முதல் சில ஈடுகளை வீணாக்குவதும் வழக்கமே.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த மீன் எந்த ஊர்த் தண்ணீருக்குப் பிறந்தது என்பதுதான். ராம் மீனின் தாய்நிலம் தென் அமெரிக்காவில் வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் பரந்திருக்கும் ஓரினோகோ ஆற்றுப் படுகையின் புல்வெளிகள். அங்குள்ள நீர் வெதுவெதுப்பானது, சுண்ணாம்பு ஏறாதது, சற்று அமிலத்தன்மை கொண்டது. வெப்பத்தைப் பொறுத்தவரை நம் ஊருக்கும் அதற்கும் சண்டையில்லை. 27 முதல் 30 டிகிரி வரை அதற்கு உகந்தது, ஹீட்டர் வாங்கும் செலவு உங்களுக்கு மிச்சம். சுண்ணாம்புதான் சிக்கல். மென்னீர் மீன்களின் முட்டைகள் சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் சரியாகக் கருப்பிடிப்பதில்லை. கருப்பிடிக்காத முட்டையில் பூஞ்சணம் ஏறுவது அடுத்த நாள் வேலை. பூஞ்சணத்துக்கு மெத்திலின் நீலம் ஊற்றினால் தொட்டி நீலமாகும், உயிரில்லாத முட்டை உயிர் பெறாது.

பிஎச் குறைக்கும் திரவத்தை விற்ற கடைக்காரரைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்லப் போவதில்லை. உங்கள் முருங்கைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயின் வாயை அடைக்கும் வெள்ளைப் படிவை நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்தப் படிவை உண்டாக்கும் பைகார்பனேட்தான் தொட்டியிலும் அமிலத்தை எதிர்த்து நிற்கிறது. திரவத்தை ஊற்றியதும் பிஎச் இறங்கும். உண்டான கரியமில வாயு காற்றில் கலைந்ததும் மறுபடி ஏறும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அந்த ஊசலில் ஆடுவது மீனின் உடல். அமிலம் பிஎச்சை அசைக்குமே தவிர, கரைந்திருக்கும் கால்சியத்தில் ஒரு துளியையும் வெளியேற்றாது. இதற்கும் மேலே ஒன்று உண்டு. படத்தில் தொட்டியின் மூலையில் அழகாக அடுக்கியிருக்கும் சிப்பிகளும் சங்குகளும் உவரிக் கடற்கரையில் பொறுக்கியவை என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நீங்கள் அமிலம் ஊற்ற ஊற்ற அவை கரைந்து, ஏற்கெனவே மிகுந்திருக்கும் சுண்ணாம்பை இன்னும் கூட்டியிருக்கின்றன. சிப்பிகளை எடுத்துவிடுங்கள். அடியில் போட்ட மணலிலும் ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணலும் ஆகாது.

நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிச் சலிக்காத ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன்: மழைநீரைப் பிடியுங்கள். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கத்தவர்களுக்குப் பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணியே மென்மையான தண்ணீரைக் கொடுத்துவிடுகிறது; குழாயில் வருவதாக இருந்தால் குளோரினை நீக்கிக்கொண்டால் போதும். வள்ளியூருக்குக் கிழக்கே உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் உங்களுக்கும் பெய்யும். மொட்டை மாடியில் விழும் நீர் வேண்டாம், தளத்துச் சுண்ணாம்பும் சிமெண்டும் அதில் இறங்கிவிடும். தோப்பில் நான்கு தென்னைகளுக்கு இடையே சுத்தமான தார்ப்பாயைத் தொட்டில் போலக் கட்டி, முதல் கால் மணி நேர மழையைத் தூசியோடு போகவிட்டு, பிறகு 200 லிட்டர் டிரம்மில் பிடியுங்கள். வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டாவிட்டால் கொசுப் பண்ணையாகிவிடும். நல்ல மழைநீரின் டிடிஎஸ் பெரும்பாலும் 20-க்குள் இருக்கும்.

ஒரே நாளில் தண்ணீரை மாற்றினால் மீன் தாங்காது. உங்கள் தொட்டி சுமார் 70 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், பெட்டை மீன் தேறிய பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை 7 லிட்டரை எடுத்துவிட்டு 7 லிட்டர் மழைநீரைச் சேருங்கள். இப்படி இருபது முறை செய்தால், அதாவது இரண்டு மாதத்தில், 860 என்பது 120 அளவுக்கு இறங்கிவிடும். செலவானது 140 லிட்டர் மழைநீர், ஒரு டிரம்கூட முழுதாகத் தீரவில்லை. அதன்பின் ஒரு பங்கு கிணற்று நீருக்கு ஒன்பது பங்கு மழைநீர் என்று கலந்து மாற்றிவாருங்கள். கிணற்று நீரை அடியோடு விட்டுவிடாதீர்கள். தாங்கிப்பிடிக்கும் பைகார்பனேட் சிறிதுமில்லாத தண்ணீரில் பிஎச் திடீரென்று சரியும். ஆர்.ஓ. தண்ணீராலும் இதைச் செய்யலாம் என்றாலும், வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் தர அதைவிட அதிகமான நீரைக் கழித்துக் கொட்டுவது உங்கள் பகுதியில் எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

தண்ணீர் மென்மையான பிறகு, உதிர்ந்து காய்ந்த வாதாமர இலை இரண்டைத் தொட்டியில் போடுங்கள். நீர் தேநீர் நிறமாகும், சற்றே அமிலத்தன்மை பெறும். அன்றாடம் பெருக்கிக் குப்பையில் தள்ளும் இந்த இலையைத்தான் ஆங்கிலப் பெயரிட்டு, கண்ணாடி உறையில் அடைத்துக் காசுக்கு விற்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் பொறுக்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் இளமீன்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஹார்மோன் கொடுத்து நிறமேற்றும் பண்ணைகள் உண்டு, அத்தகைய மீன்கள் பெரும்பாலும் இனப்பெருக்கத்துக்கு உதவாது. குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கிய நாளிலிருந்து, அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகை உயிரைக் கொடுக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் தானாகவே வாழும் உயிர்தான் அது.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், அது நியாயமான எண்ணம். ராம் மீனின் சிக்லிட் குடும்பத்திலேயே, உங்கள் தண்ணீருக்கென்றே பிறந்த சிறிய மீனும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் நீர் கடினமானது, பிஎச் 9-ஐ ஒட்டியது. அதன் அடியில் காலி நத்தை ஓடுகளுக்குள் குடித்தனம் நடத்தி, அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சும் வளர்க்கும் மல்டிஃபாசியாட்டஸ் என்ற மீனில் ஆண்கூட 5 சென்டிமீட்டரைத் தாண்டாது. உள்ளூர்க் கடையில் கிடைக்காது. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் சொல்லிவைக்க வேண்டியிருக்கும். முதலில் கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள்: உப்புக் கரித்தால் இந்த யோசனையையும் விட்டுவிடுங்கள், ஏனெனில் டிடிஎஸ் மீட்டர் சுண்ணாம்பையும் உப்பையும் பிரித்துச் சொல்லாது. கோடையில் நீர் 28 டிகிரிக்கு மேல் போகாமல் தொட்டியின் மேல் சிறு மின்விசிறி ஓட வேண்டும். ராம் ஜோடியை அப்போது கேட்பவருக்குக் கொடுங்கள், குளத்தில் விடாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையும் இதே சிக்லிட் குடும்பம்தான், அது நம் குளங்களில் என்ன செய்திருக்கிறது என்பதை வலை வீசுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

பிசானப் பருவ நெல்வயலின் வரப்போரம் கிடக்கும் காலி நத்தை ஓடுகளில் இருபதை எடுத்து, கொதிநீரில் போட்டுக் கழுவி, இரண்டு அங்குல மணலில் பாதி புதையும்படி வைத்தால் அந்த மீன்களுக்கு வீடு ஆயிற்று. மகளின் உவரிச் சிப்பிகளையும் அப்போது மறுபடி தொட்டிக்குள் வைத்துவிடலாம்.