இருபது லட்சம் பழைய ஓடுகள்: வாசகர் கேள்வி – பதில்

கட்டடக்கலைக் கல்லூரி ஆசிரியர்கள் சொந்தமாக நடத்தும் சிறிய வடிவமைப்பு அலுவலகங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, சீனாவின் ஹாங்சோ நகரில் வாங் ஷூவும் அவருடைய மனைவி லூ வென்யூவும் நடத்தும் அலுவலகத்தை ஒரே ஒரு பத்தியில் குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைப் பற்றியே கேட்டிருப்பதால், இம்முறை பதில்கள் அனைத்தையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கட்டடக்கலையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தம் அலுவலகத்துக்கு 'அமெச்சூர் ஆர்க்கிடெக்சர் ஸ்டுடியோ' என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? — மூன்றாம் ஆண்டு மாணவி, மதுரை

அந்தப் பெயருக்குப் பின்னால் ஏறத்தாழப் பத்தாண்டு கால வாழ்க்கை இருக்கிறது. வாங் ஷூ 1963-இல் உரும்ச்சியில் பிறந்து, நான்ஜிங்கில் கட்டடக்கலை படித்து, 1988-இல் முதுநிலைப் பட்டம் பெற்றவர். பிறகு ஹாங்சோவுக்கு வந்து, அங்குள்ள கலைக் கழகத்துக்காகப் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றி ஆய்வு செய்தார். அருகிலுள்ள ஹாய்னிங் ஊரில் அவர் வடிவமைத்த இளைஞர் மையம் 1990-இல் முடிந்தது. அதன் பின் 1998 வரை அவருக்கு வேலை என்று எதுவும் வரவில்லை. அரசுப் பதவியையோ பேராசிரியர் பதவியையோ அவர் தேடிப் போகவில்லை. கட்டுமானம் நடக்கும் இடங்களுக்குப் போய், வடிவமைப்புப் பொறுப்பு எதையும் ஏற்காமல், கொத்தனார்களோடும் தச்சர்களோடும் இருந்து கைவேலை கற்றார். முதுநிலைப் பட்டம் வாங்கிய ஒருவர் அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கொத்தனாரிடம் மாணவராக இருந்தார் என்பதுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

1997-இல் இருவரும் அலுவலகத்தைத் தொடங்கினார்கள். 'அமெச்சூர்' என்பதற்கான சீனச் சொல்லுக்கு 'தொழிலுக்குப் புறம்பான நேரம்' என்பது நேர்ப்பொருள். பழைய தெருக்களை இடித்துத் தள்ளிவிட்டு ஒரே அச்சில் வார்த்த கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த தொழில்முறை வழக்கத்திலிருந்து தம்மை விலக்கிக்கொள்ளவே வாங் ஷூ அந்தச் சொல்லைத் தேர்ந்தார். கிராமத்து வீடுகளைக் கட்டியவர்கள் எவரும் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அந்த வரிசையில் தாமும் நிற்பதாகச் சொல்லும் பெயர் அது. பெயரைக் கேட்டு ஆட்கள் தயங்கியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் சூசோ நகரில் வென்செங் கல்லூரியின் நூலகம் 2000-ஆம் ஆண்டில் முடிந்தபோதே அவர்களுடைய போக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மலைக்கும் நீருக்கும் நடுவே அமையும் கட்டடம் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்ற சூசோ தோட்டக்கலை மரபை ஏற்று, அந்த நூலகத்தின் ஏறத்தாழப் பாதியை நிலத்துக்குக் கீழே இறக்கியிருந்தார்கள்.

இடித்த வீடுகளின் செங்கல்லைக் கொண்டு ஒரு பெரிய அருங்காட்சியகத்தையே கட்டியதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சுவர் நிற்குமா? — ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

நிற்கிறது. நிங்போ வரலாற்று அருங்காட்சியகம் 2008-இல் முடிந்தது. நகரத்தின் புதிய விரிவாக்கத்துக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் இடிக்கப்பட்டிருந்தன. அந்த இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய செங்கல்லும் ஓடும்தான் அதன் வெளிச்சுவர். அந்த வட்டாரத்தில் 'வாபான்' என்றொரு பழைய கட்டுமான முறை உண்டு. புயல் அடித்து வீடு விழுந்தால், விழுந்தவற்றையே பொறுக்கி, அளவு பார்க்காமல் கலந்து அடுக்கிச் சுவரை விரைவாக மீண்டும் எழுப்பிக்கொள்ளும் குடியானவர்களின் முறை அது. வீட்டுச் சுவருக்கு உரிய அந்த முறையை அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அப்படியே கொண்டுசெல்ல முடியாது. ஆகவே உள்ளே கான்கிரீட் சுவர் பளுவைத் தாங்க, வெளியே பழைய செங்கல்லும் ஓடும் அதனோடு பிணைந்து நிற்கின்றன. பொறியாளரான உங்களுடைய கவலைக்கு இதுவே பதில்.

நான் அந்தச் சுவருக்கு ஒரு முழத் தொலைவில் நெடுநேரம் நின்றிருக்கிறேன். சாம்பல் நிறச் செங்கற்கள் இரண்டு வரிசை போகும்; திடீரென்று வளைந்த ஓடுகள், அடுக்கிய அப்பளங்களைப் பக்கவாட்டில் பார்ப்பது போல, விளிம்பு மட்டும் தெரிய நெருக்கமாக வரும்; அதற்கு மேல் சிவந்த செங்கல் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும். எந்த இரண்டு கற்களும் ஒரே கனத்தில் இல்லாததால், ஒவ்வொரு வரியையும் மட்டத்துக்குக் கொண்டுவரக் கொத்தனார் கையில் கிடைத்ததை வைத்து அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கிறது. வரைபடத்தில் அதை ஒவ்வொரு கல்லாக எழுதித் தர எவராலும் முடியாது. இன்னொரு பகுதியில் மூங்கிலை வைத்துச் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் வார்த்திருக்கிறார்கள். மூங்கிலைப் பிரித்த பிறகும் அதன் கணுக்கள் சுவரில் பதிந்திருக்கின்றன, விரலால் தடவினால் தட்டுப்படும்.

அந்தச் சுவரின் முன் எனக்கு மகிழ்ச்சியைவிடத் துக்கமே அதிகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கற்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்வதற்காகக் கிராமங்கள் இடிக்கப்படவில்லை. எப்படியும் இடிக்கப்பட்டிருந்த கிராமங்களில் மிஞ்சியவற்றையே வாங் ஷூ எடுத்தார். ஆனாலும் அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு சுவர் எந்த விதத்திலும் ஈடாகாது.

ஆசிரியர் சொந்த அலுவலகம் நடத்தினால் வகுப்பு கெட்டுப்போகும் என்பது எங்கள் கல்லூரி நிர்வாகத்தின் வாதம். உங்கள் கருத்து என்ன? — விரிவுரையாளர், சென்னை

நிர்வாகத்தின் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மாணவர்களை ஊதியமில்லாமல் தம் அலுவலக வரைபடங்களுக்கு உட்கார வைத்து, அதற்குப் பயிற்சி என்று பெயரிட்ட ஆசிரியரிடம் நானே இரண்டு விடுமுறைகளைக் கழித்திருக்கிறேன். அந்த இரண்டு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகம் வகுப்பைத் தின்னாமல் அதற்குத் தீனி போடுகிறதா என்பதைத்தான் நிர்வாகம் பார்க்க வேண்டும்.

வாங் ஷூ 2000-இல் சீனக் கலைக் கழகத்தில் பேராசிரியரானார். 2003-இல் கட்டடக்கலைத் துறையின் தலைவராகவும், 2007-இல் கட்டடக்கலைப் பள்ளியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். அதே ஆண்டுகளில்தான் அக்கழகத்தின் சியாங்ஷான் வளாகத்தை அவருடைய அலுவலகம் வடிவமைத்தது. முதல் கட்டம் 2004-இலும் இரண்டாம் கட்டம் 2007-இலும் முடிந்தன. மாகாணம் முழுவதும் இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து திரட்டிய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் அந்த வளாகத்தின் கூரைகளில் ஏறின. நடுவிலிருந்த குன்றைத் தொடாமல், கட்டடங்களை அதன் ஓரங்களில் அமைத்தார்கள். ஆக, மாணவர்கள் தங்கள் பாடத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். கூரை எப்படி வேய்ந்திருக்கிறது என்று கேட்டால் ஆசிரியர் சன்னலைத் திறந்து காட்டினால் போதும். அந்தப் பள்ளியில் முதலாண்டு மாணவர்கள் தச்சுவேலையும் செங்கல் அடுக்குவதும் கையால் பழக வேண்டும். இடித்துக் கெட்டிப்படுத்தும் மண் சுவரைப் பற்றிப் பள்ளியில் செய்த சோதனைகள், 2013-இல் அதே வளாகத்தில் எழுந்த விருந்தினர் இல்லத்தின் சுவர்களாயின. 2006-ஆம் ஆண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியிலும் அவர்கள் வைத்தது இடிபாட்டு ஓடுகளைத்தான்: 66,000 ஓடுகளைப் பரப்பிய ஒரு தோட்டம்.

உங்கள் நிர்வாகத்திடம் இந்த எடுத்துக்காட்டைக் காட்டுங்கள். கூடவே, அலுவலக வேலைக்கு மாணவர் வந்தால் ஊதியம் உண்டு என்ற விதியையும் நீங்களே முன்மொழியுங்கள்.

இருவரும் சேர்ந்து நடத்தும் அலுவலகம் என்கிறீர்கள். கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் மட்டும் ஏன் கணவருக்கு? — இல்லத்தரசி, கோயம்புத்தூர்

கேட்க வேண்டிய கேள்வி. 2010-இல் ஜெர்மனியின் ஷெல்லிங் கட்டடக்கலை விருது இருவருக்குமே கிடைத்தது. 2012-இல் பிரிட்ஸ்கர் விருதுக் குழு வாங் ஷூவின் பெயரை மட்டும் அறிவித்தது. தம் மனைவிக்கும் அந்த விருதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். இது முதல் முறையன்று: 1991-இல் ராபர்ட் வெஞ்சூரிக்கு அதே விருது வழங்கப்பட்டபோது அவருடைய மனைவியும் பங்காளியுமான டெனிஸ் ஸ்காட் பிரவுன் விடுபட்டார், 2013-இல் ஹார்வர்டு மாணவிகள் அவர் பெயரைச் சேர்க்கக் கோரி விண்ணப்பம் திரட்டியும் விருதுக் குழு இசையவில்லை. என் பார்வையில் இரண்டுமே பிழைகள். இரண்டு பேர் ஒரே மேசையில் அமர்ந்து வரையும் அலுவலகத்தில் எந்தக் கோடு யாருடையது என்று பிரிக்க வெளியாருக்கு வழியில்லை. பிரிக்க முடியாதபோது இரண்டு பெயரையும் எழுதுவதே முறை. அதனால்தான் சென்ற இதழிலும் இருவர் பெயரையும் எழுதினேன்.

அவர்களுடைய அண்மைக் காலப் பணிகள் எவை? — வாசகர், புதுச்சேரி

இரண்டை மட்டும் சொல்கிறேன். ஹாங்சோவை அடுத்த ஃபுயாங்கில் ஓர் அருங்காட்சியகத்தை வடிவமைக்கக் கேட்டபோது, அருகிலுள்ள கிராமம் ஒன்றைச் சீரமைக்கவும் வாய்ப்புத் தந்தால்தான் ஏற்பேன் என்று வாங் ஷூ நிபந்தனை விதித்தார். அப்படி வென்சுன் கிராமத்தில் உள்ளூர்க் கல்லாலும் மண்ணாலும் புதிய வீடுகள், பழைய வீடுகளுக்கு இடையிலேயே எழுந்தன. நிங்போவில் இடிந்த பின் பொறுக்கியவர், இங்கே இடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார் என்பதில் எனக்குப் பெரும் நிறைவு. மற்றொன்று, 2022-இல் ஹாங்சோவில் திறக்கப்பட்ட தேசியப் பதிப்புகள் காப்பகம். கைவிடப்பட்ட கல் குவாரியில் அமைந்த அதன் உயரமான கதவுகள், லோங்சுவான் ஊரின் பச்சை மெருகுப் பீங்கானால் ஆனவை.

கும்பகோணத்தில் என் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்கப்போகிறோம். இப்படிப் பழைய பொருள்களை நாங்களும் பயன்படுத்த முடியுமா? — வாசகர், கும்பகோணம்

முடியும். ஆனால் ஜேசிபி வந்து சுவரில் முட்டிவிட்டால் ஒன்றும் தேறாது. கையால், மேலிருந்து கீழாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: முதலில் ஓடு, பிறகு ரீப்பர், சட்டம், உத்திரம், கடைசியாகச் சுவர். உங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டியது என்றால், கரண்டியால் தட்டினாலே செங்கல் முழுதாகக் கழன்று வரும். பின்னாளில் சிமென்ட் வைத்துக் கட்டிய பகுதிகளில் கல்தான் உடையும், கலவை விடாது. பிரித்த கற்களில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பதை ஒரு குவியலாகவும், சத்தம் மங்கியதை வேறு குவியலாகவும் வையுங்கள். தரையை ஒட்டிய வரிசைகளில் உப்புப் பூத்துப் பொரிந்துபோன கற்களைச் சேர்க்காதீர்கள். ஓடுகளையும் அதேபோல் தட்டி, விரிசல் விட்டவற்றை ஒதுக்குங்கள்.

தேறிய கற்களைச் சுற்றுச்சுவருக்கும் முற்றத்துத் தளத்துக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பளு தாங்கும் சுவருக்கு என்றால் பொறியாளர் ஒருவர் கற்களைச் சோதித்துச் சொன்ன பிறகே முடிவெடுங்கள். கட்டுவதற்கு முன் கற்களை நன்றாகத் தண்ணீரில் ஊற விட வேண்டும். எண்ணிக்கை கணக்கிட்டு, எந்தச் சுவருக்கு எத்தனை என்று குறித்த பிறகு, கட்டப்போகும் கொத்தனாரை ஒரு நாள் முன்னதாக அழைத்து அந்தக் குவியல்களைக் காட்டுங்கள். எது எங்கே பொருந்தும் என்று அவர் சொல்வதைக் கேட்ட பின், வரைபடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.