‘பரிசோதிக்கப்பட்டது’ என்று அச்சிட்ட சொரியாசிஸ் களிம்பை நம்பி வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு இரண்டு முழங்கைகளிலும் முழங்கால்களிலும் சொரியாசிஸ் தடிப்புகள் உள்ளன. கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ‘நூறு சதவீதம் மூலிகை, மருத்துவரீதியாகப் பரிசோதிக்கப்பட்டது’ என்று அட்டையில் போட்டிருந்த களிம்பை வாங்கினோம். முதல் வாரத்திலேயே செதில் உதிர்வது நின்றுவிட்டது. ஆனால், குழாய் தீர்ந்து அடுத்தது வந்து சேர்வதற்குள் முன்பைவிடச் சிவந்து பரவிவிட்டது. இத்தகைய களிம்புகளை உண்மையில் எப்படிப் பரிசோதிக்கிறார்கள்? நாங்கள் வாங்கியதைச் சோதனைக்குக் கொடுக்க முடியுமா? அரசு மருத்துவமனையில் புதிய களிம்பு ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்றும் கேட்கிறார்கள். சேரலாமா?
வாசகி, அயனாவரம்

பதில்: எதற்காக, எதனோடு ஒப்பிட்டுப் பரிசோதித்தார்கள் என்று அட்டை சொல்லாதவரை அந்த வாசகத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சிலருடைய தோலில் சிறிதளவு தடவி, அரிப்போ எரிச்சலோ வருகிறதா என்று பார்த்துவிட்டும் அப்படி அச்சிடுகிறார்கள். நோய் தணிந்ததா என்று பார்ப்பது முற்றிலும் வேறு வேலை.

அந்த வேலையில் ஒப்பீடுதான் எல்லாம். மருந்து கலந்த களிம்பை ஒரு சாராருக்கும், பார்வைக்கும் தொடுகைக்கும் அதைப் போலவே இருக்கும் மருந்தில்லாத வெறும் களிம்பை மறு சாராருக்கும் குலுக்கல் முறையில் கொடுத்து, யாரிடம் எது இருக்கிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி மறைத்துவிடுகிறார்கள். வெறும் களிம்பே செதிலை இளக்கி ஓரளவு பலன் தந்துவிடும் என்பதாலும், சொரியாசிஸ் தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது என்பதாலும் இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது. பலருக்கு இது குளிரில் கூடி வெயிலில் தணியும். மார்கழியில் ஒரு படமும் சித்திரையில் ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றுமே தடவாத சிலருக்குக்கூடத் தோல் தெளிந்திருக்கும். ஆகவே விளம்பரத்தில் வரும் ‘முன்பு, பின்பு’ படங்களை நான் ஆதாரமாகவே கொள்வதில்லை.

உங்கள் கணவரைப் போல இருபுறமும் ஒரே அளவில் தடிப்பு உள்ளவர்களிடம் இன்னொரு முறையையும் கையாள்கிறார்கள். ஒரு முழங்கையில் மருந்தும் மறு முழங்கையில் வெறும் களிம்பும் தடவப்படும். உடல், உணவு, மன அழுத்தம், பருவநிலை எல்லாம் இரண்டு கைகளுக்கும் பொதுவாகிவிடுவதால் வித்தியாசம் களிம்பினுடையது என்று துணிந்து சொல்லலாம். ஒரு பக்கம் தடவிய விரல் கழுவப்படாமல் மறு பக்கத்தைத் தொடாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். பலனையும் கண் மதிப்பாகச் சொல்லிவிடுவதில்லை. சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, நோய் பரவியுள்ள பரப்பையும் சேர்த்துக் கணக்கிடும் ‘பாசி’ (PASI) என்ற அளவீடு 1978 முதல் புழக்கத்தில் உள்ளது. அதன் உச்சம் 72.

இனி உங்கள் குழாய்க்கு வருகிறேன். ஒரே வாரத்தில் மாயம்போல் அடங்குவதும், நிறுத்தியவுடன் சீறிக்கொண்டு திரும்புவதும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மேற்பார்வையின்றித் தடவி நிறுத்தும்போது காணப்படுபவை. நோயே கூடிய காலமாகவும் இருக்கலாம் என்பதால் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சந்தேகப்படக் காரணம் உண்டு. லண்டனில் தோல் நோய்களுக்குக் கொடுக்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்து 1999-இல் வெளியான ஆய்வில், எட்டில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் குளோபெட்டாசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பைக்கூடத் தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேலும், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலும் தடவக்கூடாது என்பதே விதி. மீறினால் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளவுத் தழும்புகள் விழும். அப்படியிருக்க, ஸ்டீராய்டு இருப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் தடவுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது குழாயைத் திறக்காமல், முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திறக்காத அந்தக் குழாயை அட்டை, ரசீது, விளம்பரத்தின் படம் ஆகியவற்றோடு பத்திரப்படுத்துங்கள். அது எந்த உரிமத்தில் தயாரானது என்று அட்டையில் பாருங்கள். ஆங்கில மருந்து என்றால், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940-இன் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பி அறிக்கை பெறலாம், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். சித்த அல்லது ஆயுர்வேத உரிமம் என்றால் அந்தப் பிரிவு பொருந்தாது. அப்போது அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஆய்வாளர் மாதிரி எடுக்கும்படி கேட்க வேண்டும். உரிம எண்ணே இல்லாவிட்டால் புகாரின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குவதே எளிது.

வெட்பாலைத் தைலம் போன்ற சித்த மருந்துகளைப் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். தாம்பரம் சானட்டோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மருத்துவரைப் பார்த்து மருந்து பெறுவதும், முகவரியே இல்லாத விளம்பரத்துக்குப் பணம் அனுப்புவதும் ஒன்றாகிவிடாது.

ஆய்வில் சேரலாமா என்றால், நிபந்தனைகள் சரியாக இருந்தால் சேரலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆய்வு மருந்துக்கு யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பழைய களிம்புகளைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டுத்தான் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதால், இந்த மூலிகைக் களிம்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குலுக்கலில் அவருக்கு வெறும் களிம்பே விழலாம் என்பதையும் தெரிந்துகொண்டே சேர வேண்டும். தடவும் அளவும் முக்கியம்: ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். எவ்வளவு செலவாயிற்று என்று பார்க்கத் திரும்பத் தரும் குழாயை எடைபோடும் ஆய்வுகளும் உண்டு; ஆகவே வீட்டில் வேறு யாரும் அதிலிருந்து எடுத்துத் தடவக்கூடாது.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா என்று பார்த்து, ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்ற பத்தியைப் படித்த பிறகே அவர் கையெழுத்திடட்டும். ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே விலகலாம், அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை நிற்காது.