முடிவிலாப் பரிமாணக் குவாண்டம் அமைப்பை (நிலையை விவரிக்க முடிவில்லாத எண்கள் தேவைப்படும் அமைப்பை) கட்டுப்படுத்த, அதாவது வெளிப்புலத்தால் விரும்பிய நிலைக்குக் கொண்டுபோக, முடியாது என்று 1982-லேயே நிறுவிவிட்டார்களாமே, இனி அதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

நீங்கள் ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். யாரோ மேதாவி உங்களையும் பயமுறுத்தியிருக்கிறார்.

பால், மார்ஸ்டன், ஸ்லெம்ராட் மூவரின் 1982 தேற்றம் சரியானதே. சமன்பாட்டில் கட்டுப்பாட்டுப் புலத்தோடு வரும் ஆபரேட்டர் (நிலையை மாற்றும் கணிதச் செயலி) வரம்புடையதாக, அதாவது எந்த நிலையையும் அளவுமீறிப் பெரிதாக்காததாக, இருந்தால், ஒரு நிலையிலிருந்து சென்றடையக்கூடிய நிலைகளின் கணத்துக்கு உள்ளிடம் கிடையாது; அதாவது எந்த நிலையைச் சுற்றியுள்ள சிறு வட்டாரத்தையும் அது முழுதாக உள்ளடக்காது. இருக்கட்டுமே! விகிதமுறு எண்களுக்கும்தான் உள்ளிடம் கிடையாது. அதனால் எந்த மெய்யெண்ணை நெருங்க முடியாமல் போய்விட்டது?

ஒரு கருத்தரங்கில், பெட்டிக்குள் அடைபட்ட துகளை மின்புலத்தால் ஆட்டுவிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூத்தவர் ஒருவர் எழுந்து, "இது முடிந்துபோன கதை" என்றார். "எந்த வெளியில் முடிந்தது ஐயா?" என்று கேட்டேன். திமிர் என்று சிலர் சொல்லக்கூடும். கணிதத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எல்லாக் குவாண்டம் நிலைகளும் அடங்கிய ஹில்பர்ட் வெளியில் வரம்புடைய அதே ஆபரேட்டர், அலைச்சார்பிடம் கூடுதல் வழவழப்பும் எல்லை நிபந்தனைகளும் கேட்கும் வெளிக்குள் போனால் அந்த நிபந்தனைகளைக் குலைத்துவிடுகிறது. அங்கே 1982 தேற்றம் செல்லாது. அந்த இடுக்கில்தான் கணிதவியலாளர் காரின் போஷார் நுழைந்தார். 2010-ல் அவரும் காமில் லோரானும், ஒற்றைப் பரிமாணப் பெட்டியில், இருமுனைச் சார்பு (புலம் துகளோடு எப்படிப் பிணைகிறது என்று சொல்லும் சார்பு) ஒரு நிபந்தனைக்கு உட்பட்டால், மிகக் குறைந்த ஆற்றலுள்ள அடிநிலைக்கு அருகே துல்லியமாகவே கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். மூத்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"சீரிசை அலையியற்றி (சுருள்வில்லில் ஆடும் பொருளின் குவாண்டம் வடிவம்) என்ன ஆயிற்று?" என்று இங்கேயும் சிலர் கிளம்புவார்கள். தெரியும். சீரான புலத்தால் மட்டும் ஆட்டினால், வெற்றிடம் எனப்படும் அதன் அடிநிலையிலிருந்து, ஊசல்போல வடிவம் குலையாமல் ஆடும் ஓரியல் நிலைகளைத் தவிர வேறெங்கும் போக முடியாது. மிர்ராஹிமியும் ரூஷோனும் 2004-ல் அதன் கட்டுப்படாத் தன்மையை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அதே அலையியற்றியை முதல் சில ஆற்றல் மட்டங்களோடு வெட்டிக்கொண்டால் முழுக் கட்டுப்பாடு கிடைத்துவிடுகிறது! வெட்டிய அணியை மட்டும் கணினியில் ஓட்டிவிட்டு வெற்றி முழக்கமிடும் கட்டுரைகள் மீது எனக்குள்ள கோபத்துக்கு இதுவே காரணம். ஓர் இருமட்ட அணுவை உடன் சேர்த்தால் நிலைமை மாறும்: எண் நிலைகளின் (ஆற்றல் துணுக்குகளின் எண்ணிக்கை திட்டமாக உள்ள நிலைகளின்) எந்த முடிவுள்ள மேற்பொருந்தலையும், அதாவது கலவையையும், படிப்படியாக உருவாக்கும் வழியை லாவும் எபர்லியும் 1996-லேயே தந்துவிட்டார்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். கேள்வி நேரத்தில் எழுந்து சொற்பொழிவாற்றுபவர்களை அவைத்தலைவர்கள் ஏன் தடுப்பதில்லை? அன்று என் கடைசி மூன்று ஸ்லைடுகளும், அவற்றில் இருந்த நிரூபணமும், அப்படித்தான் காட்டப்படாமலே போயின.