கழுத்துக்கு மட்டும் நெருப்பு: தோட்டா உறைகளை இளக்குவது பற்றிய கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் நீண்ட தூர இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். போட்டிக்கான .308 வின்செஸ்டர் தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்வது வழக்கம். சுட்ட பித்தளை உறையை மறுபடி பயன்படுத்துவதற்காக அதன் கழுத்தைச் சூடாக்கி இளக்கும் அனீலிங் வேலை குறித்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, புதிய உறைகள் நான்கைந்து முறை நன்றாக உழைத்தன. இப்போது குண்டைப் பொருத்தும்போது ஓர் உறையில் இறுக்கமாகவும் இன்னொன்றில் தளர்வாகவும் போகிறது. உறையைச் சுருக்கி அளவுக்குக் கொண்டுவரும் டை என்ற அச்சு கெட்டுவிட்டதா? (டெக்சாஸ் நண்பர்)

டையின் மேல் பழி போடாதீர்கள், மாறியிருப்பது பித்தளை. உறையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுடும்போது அதன் கழுத்து விரிகிறது. டையில் இட்டு அதைச் சுருக்குகிறோம். குண்டைப் பொருத்தும்போது மறுபடியும் கொஞ்சம் விரிகிறது. இப்படி உருமாறும் ஒவ்வொரு முறையும் பித்தளை இறுகிக்கொண்டே போகும். நம் ஊர்க் கன்னார்களுக்கு இது கைவந்த பாடம். தகட்டைத் தொடர்ந்து அடித்தால் விறைத்துக் கீறல் விடும் என்பதால், நடுநடுவே உலையில் காட்டி இளக்கிவிட்டுத்தான் மீண்டும் அடிப்பார்கள்.

இறுகிய கழுத்து டையிலிருந்து வெளியே வந்ததும் சற்றே திரும்ப விரிந்துகொள்ளும். எவ்வளவு விரியும் என்பது உறைக்கு உறை வேறுபடும். அதனால் குண்டைப் பிடிக்கும் பிடியும் வேறுபடுகிறது, குண்டு கிளம்பும் வேகமும் வேறுபடுகிறது. 100 மீட்டரில் இது கண்ணுக்கே தெரியாது. 900 மீட்டரில் இலக்குத் தாளில் மேலும் கீழுமாகச் சிதறி நிற்கும். இளக்குவதன் நோக்கம் கழுத்தை மென்மையாக்குவதோடு முடிவதில்லை. எல்லாக் கழுத்துகளையும் ஒரே மென்மைக்குக் கொண்டுவர வேண்டும். இதை மனத்தில் வைத்தால் மற்றக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சிவக்கும்வரை காட்ட வேண்டுமா? (பெர்த்)

வெப்பத்தோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் எடுக்கும் வேலையைச் சில விநாடிகளில் முடிக்க நினைத்தால் சூடு கூடியாக வேண்டும். எரிவாயுச் சுடரில் செய்பவர்கள், குறித்த சூட்டில் உருகும் வெப்பக்காட்டி மையை வாங்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகுவதைக் கழுத்தின் உட்புறத்திலும், 230 டிகிரியில் உருகுவதை உறையின் தோளுக்கு (கழுத்து விரிந்து உடலோடு சேரும் சரிவு) கீழே அதன் உடலிலும் தடவுங்கள். முதல் மை உருக வேண்டும், இரண்டாவது உருகவே கூடாது. சில மாதிரி உறைகளில் பார்த்து எத்தனை விநாடி என்று பிடித்துவிட்டால், மீதி எல்லாவற்றுக்கும் அதே விநாடிதான்.

நிறத்தை நம்பி வேலை செய்தால் விளக்கொளி நம்மை ஏமாற்றும். உலோகம் கண்ணுக்குத் தெரிய ஒளிரத் தொடங்குவதே சுமார் 525 டிகிரியில்தான், அதுவும் இருட்டறையில். வெயில் படும் கொட்டகையில் சிவப்பு தெரிகிறது என்றால் அளவு மீறிவிட்டது என்று பொருள். என் முதல் ஆண்டில் ஐம்பது உறைகளை இப்படித்தான் பாழாக்கினேன். விரலால் நசுக்கினாலே கழுத்து வளைந்தது. நியூசிலாந்தின் ஏ.எம்.பி. போன்ற மின்தூண்டல் கருவிகள் ஒவ்வோர் உறைக்கும் ஒரே அளவு வெப்பம் கொடுக்கின்றன. விலை அதிகம்தான். ஆனாலும் போட்டிக்குச் செல்பவருக்கு அது வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

ஐயா, ஒவ்வொன்றாகச் செய்வது பெரிய வேலை. மொத்த உறைகளையும் சமையலறை அவன் அடுப்பில் தட்டில் பரப்பி வைத்தால் என்ன? (ஒன்டாரியோ)

வேண்டாம். உறையின் அடிப்பகுதி கடினமாக இருப்பதால்தான் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள். .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அடி இளகிய உறை அதைத் தாங்காமல் கிழிந்தால், கொதிக்கும் வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். வீட்டு அவனின் சூட்டில் கழுத்து சரியாக இளகவும் செய்யாது. அடிக்கு எவ்வளவு கேடு நேர்ந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே செய்திருந்தால் அத்தனையையும் சுத்தியலால் நசுக்கிப் பழைய உலோகக் கடைக்குப் போட்டுவிடுங்கள். போன கடினத்தன்மையைத் திருப்பித் தரும் வெப்பச் சிகிச்சை எதுவும் இல்லை.

சூடானதும் தண்ணீரில் போடவேண்டுமா? (மெல்போர்ன்)

கட்டாயமில்லை. எஃகைப் போலப் பித்தளை தண்ணீரில் இறுகாது. அடிப்பகுதிக்குச் சூடு பரவாமல் இருக்கத் தண்ணீரில் போடுகிறார்கள். நேரத்தைச் சரியாகப் பிடித்திருந்தால் காற்றிலேயே ஆறட்டும். ஈரம் உலர்த்தும் வேலை மிச்சம்.

எத்தனை முறை சுட்டபின் இளக்கலாம்? (அதே நண்பர்)

போட்டிக்கென்றால் ஒவ்வொரு முறையும். வேட்டைக்கு மட்டும் என்றால் மூன்று நான்கு முறைக்கு ஒருதரம் போதும்.

புதிதாக வாங்கிய உறையின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகக் கறை. பழைய சரக்கை விற்றுவிட்டார்களா? (சான் ஆன்டோனியோ)

தொழிற்சாலையில் இளக்கியதன் அடையாளம் அது. பல நிறுவனங்கள் மெருகேற்றி அழித்துவிடுகின்றன. லாபுவா நிறுவனம் அப்படியே விட்டுவிடுகிறது. அமெரிக்க ராணுவத் தோட்டாக்களிலும் அதைக் காணலாம்.

சுடாமல் பெட்டியில் வைத்திருந்த பழைய தோட்டாக்களின் கழுத்தில் நீளவாக்கில் வெடிப்பு. யாரும் தொடக்கூட இல்லையே! (பிரிஸ்பேன்)

இந்தக் கதையில் நம் பக்கத்து மழைக்காலத்துக்கும் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தியாவில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அவை தாமாக வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், பித்தளையை அழுத்தி இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. இளக்கினால் அந்த உள் இறுக்கம் தளர்கிறது, வெடிப்பும் அரிதாகிறது.

எனவே அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷை உறைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். உரம், சுத்திகரிப்பு திரவம் இருக்கும் அலமாரியிலும் தோட்டா வேண்டாம். வெடிப்பு விட்டவற்றைச் சுடாதீர்கள்.

மதுரையில் இதைச் செய்து பார்க்கலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

இளக்கியதால் பயன் உண்டா என்று எனக்கு நானே எப்படித் தெரிந்துகொள்வது? (பெர்த்)

ஒரே தொகுதியில் பலமுறை சுட்ட 40 உறைகளை எடுத்து, 20-ஐ மட்டும் இளக்குங்கள். மற்ற எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். முதலில் குண்டைப் பொருத்தும்போது பொருத்தும் கருவியின் நெம்புகோலில் கை உணர்வதைக் கவனியுங்கள்; இளக்கியவை ஒன்றுபோல் போகும். பிறகு வேகமானியை வைத்து, இரண்டு வகையையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒரு வகையை முழுதாகச் சுட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், குழல் சூடேறியதன் விளைவை இளக்கியதன் விளைவென்று எண்ணிவிடுவீர்கள்.