துரியோதனன் வேனில் தூங்கலாமா?

கேள்வி: வயது 27. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஓமலூர்ப் பக்கம் ஒரு தெருக்கூத்துக் குழுவில் மூன்று வருடமாக வேஷம் கட்டுகிறேன், இப்போது துரியோதனன். நடுராத்திரி தாண்டினால் குரல் கம்மிவிடுகிறது. சுற்றி ஆடினால் மூச்சு வாங்கிப் பாட்டு அறுந்துபோகிறது. வாத்தியார் அந்தக் காலத்து மனிதர், "நின்னு பாடு, வரும்" என்பதைத் தவிர எதுவும் சொல்லித் தருவதில்லை. என் வேஷம் இல்லாத நேரம் குழு வந்த வேனில் போய்ப் படுத்துக் குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன், அப்படியும் சரியாகவில்லை. சென்னையில் 15,000 ரூபாய்க்குக் குரல், உடல் பயிற்சி வகுப்பு இருக்கிறதாம். போகலாமா?

பதில்: வகுப்பு இருக்கட்டும், முதலில் வேனுக்கு வருவோம். ஏதோ நல்ல பிள்ளை காரியம் மாதிரி அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போர்வையை இழுத்து மூடும்போது அங்கே பின்பாட்டு யார் பாடுகிறார்கள் தம்பி? நீங்கள் ஆடும்போது நீங்கள் பாடிய அடியை வாங்கித் திருப்பிப் பாடி, நீங்கள் மூச்சு எடுக்க இடம் கொடுப்பது யார்? வேஷத்தைக் கலைத்தவரும் இன்னும் கட்டாதவரும்தானே, அவர்களுக்கெல்லாம் தொண்டை தகரமா? உங்கள் இடத்தில் அநேகமாக அந்த வயதான வாத்தியாரே நின்று பாடிக்கொண்டிருப்பார். எனக்குக் கூத்துக்குழுவும் குடும்பமும் ஒன்றுதான். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பரிமாற ஆள் தேடும்போது மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், கோபம் வராமல் என்ன செய்யும்?

இதில் வேடிக்கை, நீங்கள் தேடுகிற பயிற்சியே அந்தப் பின்பாட்டுதான். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, சலங்கை எதுவும் இல்லாமல், ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று, சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு, கத்தாமல் விடியவிடியப் பாடிப் பழகுவது. வாத்தியார் "நின்னு பாடு" என்று சொன்னது இதைத்தான், உங்களுக்குத்தான் புரியவில்லை. படுத்து எழுந்த குரல் குளிர்ந்து கிடக்கும். அதை மெல்ல எழுப்பாமல் ஓடிவந்து திரைக்குப் பின்னால் நின்று எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போனால் கம்மத்தான் செய்யும்.

அப்புறம் உடம்பு. கனமான கட்டு ஏறியதும் தோள் தானாகக் காது வரை தூக்கிக்கொள்ளும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுபோகும், சத்தத்தைத் தள்ளுகிற வேலை முழுக்கத் தொண்டை தலையில் விழும். கண்ணாடி முன்னால் நின்று ஒரு தரு, அதுதான் உங்கள் கூத்துப் பாட்டு, பாடிப் பாருங்கள், கழுத்து நரம்பு புடைத்தால் மூச்சு வயிற்றிலிருந்து வரவில்லை. கிரீடத்தின் நாடாவைத் தாடைக்கு அடியில் இறுக்கிக் கட்டினால் வாய் பாதிதான் திறக்கும், அதையும் பாருங்கள். சுற்றும்போது பாடாதீர்கள். அடியை முடித்துப் பின்பாட்டுக்கு விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஆனால் நீங்கள் அவர்களுக்குப் பாடாமல், அவர்கள் மட்டும் உங்களுக்கு எத்தனை நாள் பாடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் பற்றவைக்கும் புகையில் உட்காருகிறவர் என்றால் அதுவும் தொண்டைக்கு ஆகாது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், கஷாயத்தோடு விட்டுவிடாதீர்கள்.

சென்னை வகுப்புக்குப் போவது தப்பில்லை. ஆனால் ஒன்று, 1977இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி அங்கே கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, பட்டணத்து நடிகர்கள் உடம்பையும் குரலையும் பழக்கிக்கொள்ளப் புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்ற கூத்து வாத்தியார்களைத்தான் தேடினார்கள். நீங்கள் வாத்தியாரை ஓமலூரில் வைத்துக்கொண்டு சென்னைக்கு டிக்கெட் பார்க்கிறீர்கள்.

அடுத்த கூத்துக்குக் கிளம்பும்போது போர்வையை வீட்டில் போட்டுவிட்டு, ஒரு பெரிய ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். முதல் டம்ளர் வாத்தியாருக்கு.