பழைய லீவர் பேனாவின் ரப்பர் பைக்கு எந்த டால்க் பவுடர் ஏற்றது?

தாத்தாவின் லீவர் பேனாவுக்கு, மை நிற்கும் ரப்பர் பையைப் புதிதாக மாட்டப் போவதாகவும், அதன்மேல் தடவும் டால்க் மதுரையில் எங்கே கிடைக்கும் என்றும், வீட்டிலிருக்கும் குழந்தைப் பவுடரே போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைப் பவுடர் வேண்டாம். நீங்கள் வாங்க வேண்டியது மருந்துத் தர டால்க். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு வேதிப்பொருள் கொடுக்கும் கடையில் கேளுங்கள். பொட்டலத்தில் 'ஐ.பி.' என்ற குறி இருந்தால் அது இந்திய மருந்தியல் நூலின் தரத்துக்கு உட்பட்டது என்று பொருள்.

1908-இல் அமெரிக்கர் வால்டர் ஷேஃபர் காப்புரிமை பெற்ற லீவர் முறையில், லீவரைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் உலோகத் தகடு ரப்பர் பையை அமுக்குகிறது. தகட்டோடும் பேனாவின் உட்சுவரோடும் பை உரசிக்கொண்டே இருப்பதால், இடையில் வழுக்கும் பொருள் ஒன்று இல்லாவிட்டால் நாளடைவில் அது ஒட்டிக்கொள்ளும். நிப்பைத் தாங்கும் கழுத்துப் பகுதியை உள்ளே செருகும்போது முறுக்கிக்கொள்ளவும் செய்யும். டால்க் என்பது நம் வீட்டுக் கல்சட்டிக்குரிய மாக்கல்லில் நிறைந்திருக்கும் அதே கனிமம்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 1. கனிமங்களிலேயே மிக மென்மையானது. ரப்பரோடு அது வினைபுரிவதில்லை, ஈரத்தையும் எளிதில் இழுப்பதில்லை.

கடையில் விற்கும் முகப் பவுடர்களில் வாசனை எண்ணெய் சேர்ந்திருக்கிறது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. பை இளகிப் பிசுபிசுத்துவிடும். வேர்க்குருப் பவுடரில் இதற்கு மேலும் சில மருந்துப் பொருள்கள் கலந்திருக்கும். குழந்தைப் பவுடரைப் பொறுத்தவரை, பழைய பழுதுநீக்கக் குறிப்புகள் பலவும் அதைத்தான் சொல்லும் என்பது உண்மையே. ஆனால் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகம் முழுவதும் நிறுத்திவிட்டுச் சோள மாவுக்கு மாறிவிட்டது. மாவு ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும், பூஞ்சையும் பிடிக்கும். மை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. கேரம் பலகைக்குப் போடும் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஆய்வகக் கடையில் பெரும்பாலும் அரைக் கிலோவாகத்தான் கிடைக்கும். ஒரு பேனாவுக்கு வேண்டியதோ ஒரு சிட்டிகை. அவ்வளவு வாங்க மனமில்லாவிட்டால், மாட்டுத்தாவணிப் பக்கம் லாரி டயர் வேலை பார்க்கும் கடை ஒன்றில், "அண்ணே, டியூப்புக்குப் போடுற பவுடர் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சு சாக் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பவுடர் முறையாகப் பார்த்தால் டால்க்தான். ஆனால் அந்தப் பெயரில் வேறு வெள்ளைத் தூளும் விற்பனையாவதால், சோதிக்காமல் பேனாவுக்குப் போட வேண்டாம். ஒரு சிட்டிகையைத் தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல் தூள். அதன் கடினத்தன்மை 3 என்பதால் வழுக்குவதற்குப் பதில் அராவும். இன்னொரு சிட்டிகையைத் தண்ணீரில் குழைத்து, புண்ணுக்குப் போடும் பெட்டாடின் கரைசலில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவு கலந்திருக்கிறது. பழுப்பாகவே நின்றால் மாவு இல்லை. இரண்டிலும் தேறி, மணமும் இல்லாமல், விரலிடையில் வழவழவென்று இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பவுடர் போடும் நேரம் மிக முக்கியம். முதலில் பையை அளவாக வெட்டி, கழுத்துப் பகுதியின் முனையில் அரக்குக் கரைசல் தடவிப் பொருத்தி, நன்றாகக் காயவிட வேண்டும். அதற்கு முன்பே பவுடர் பட்டால் அரக்கு பிடிக்காது. (அரக்கையே பயன்படுத்துங்கள், இளஞ்சூட்டில் இளகிவிடுவதால் அடுத்த முறை பை மாற்றுவது எளிது. உடனடிப் பசை போட்டால் பேனாவின் கழுத்தே உடையக்கூடும்.) காய்ந்தபின் சிறு பிளாஸ்டிக் உறையில் ஒரு சிட்டிகை டால்க் போட்டு, நிப்புப் பகுதி வெளியே இருக்கும்படி பையை மட்டும் அதற்குள் விட்டு உருட்டி எடுங்கள். கறுப்புப் பை லேசாகச் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் போதும். திட்டுத் திட்டாக வெள்ளை நின்றால் தட்டிவிடுங்கள். அந்த நுண்தூளைச் சுவாசிப்பது நல்லதில்லை. ஆகவே வாயால் ஊதாதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு முகக்கவசம் அணிந்து வேலை செய்யுங்கள்.

வெளிர்நிறச் செல்லுலாய்டு பேனாவாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரப்பரிலிருந்து வரும் கந்தக ஆவி அந்த நிறத்தைப் பழுப்பாக்கும். டால்க் அதைத் தடுக்காது. அதற்குச் சிலிக்கோன் பை நல்லது, அதற்குப் பவுடரே தேவையில்லை. ஹீரோ பேனாக்களிலும், பார்க்கர் 51-இல் 1948-இல் வந்த அழுத்தி நிரப்பும் வகையிலும் இருப்பது பிளாஸ்டிக் பை என்பதால் அவற்றுக்கும் தேவையில்லை. நம் ஊர் வீடுகளில் அதிகம் கிடைக்கும், சொட்டுக்குழாயால் மை ஊற்றும் எபொனைட் (கடின ரப்பர்) பேனாவில் பையே கிடையாது; அதன் மரையில் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவினால் கசிவு நிற்கும்.